இருப்புக் கணக்கு

காப்புறுதிக்காரன் தந்த படிவத்தில் நான்கு கட்டம்:
இலக்கம், விவரம், வாங்கிய விலை, குறிப்பு.
கியாஸ்தீன் கொழும்பில்,
முழங்காலுக்கு இரும்பு வைக்கப் போயிருக்கிறான்.
சாவி என்னிடம்.
கல்முனைப் பிரதான வீதி, அலியார் ஹாட்வெயார்.
கீழே தகரம், சீமெந்து, பெயின்ற் வாளி.
மேல்மாடியில் அறுபத்தொரு படம்.

எண்ணிப் பழகியவன் நான்.
முப்பது வருசம் இந்தக் கடைத் தகரத்தை,
அதற்கு முதல் அவன் முதுகில் ஊசி குத்திய இலக்கத்தை.
பதினாலு.
எழுபத்து நாலாம் ஆண்டு, மட்டக்களப்பு வெபர் மைதானம்,
புல்லின் மேல் சுண்ணாம்புக் கோடு.
மூன்று நடுவர், மூன்று கடிகாரம்:
பத்து ஏழு, பத்து ஒன்பது, பதினொன்று.
நடுவில் உள்ளதை எழுதினார்கள்.
"வியாபாரம் அண்டைக்குத்தான் படிச்ச,
மூணு பேருட்ட விலை கேளு
நடுவில உள்ளதைச் சொல்லு கா" என்பான்.
வென்ற கிண்ணத்தை அடகு வைத்து
இருபது தகரத்தோடு தொடங்கியவன்.
இரண்டாமவனுக்குக் கடிகாரம் பிடிக்க ஆளில்லை.
நான் ஓடிய நேரம்
இன்றைக்கும் ஒருவருக்கும் தெரியாது.

மறுகா புத்தகம் எழுதினான்.
நாற்பத்தேழு எட்டில் முடிந்த ஓட்டம்,
எட்டுக்கு ஒன்றாய் நாற்பத்தேழு அத்தியாயம்.
மூன்றாம் எட்டில் வாப்பாவின் நெல்வண்டி,
பதினெட்டில் ஒரு முழுப் பெருநாள்,
இருபத்திரண்டில் கடை எரிந்த இரவு.
பதினொரு வினாடிக்குள் இவ்வளவும் எப்படி என்று
வெளியீட்டில் ஒருவர் எழும்பிக் கேட்டார்.
"ஓடிப் பாருங்க."

நாற்பதாம் எட்டில் நான் வருகிறேன்,
பெயரில்லாமல்,
பிடரியில் படும் மூச்சாக.
அச்சுப்பிழை பார்த்ததும் நான்தான்.
மூச்சில் ஒரு ச் விடுபட்டிருந்தது,
போட்டுக் கொடுத்தேன்.

இலக்கம் ஏழு: குந்தியிருக்கும் பெண்,
முழங்காலோடு சட்டம் முடிகிறது.
இருபது: நீதவான், மேசைக்குப் பின்னால்.
முப்பத்து மூன்று: வட்டைக்குள் எருமைகள்,
வயிறு மட்டும் தண்ணீர்.
எந்தப் படத்திலும் கால் இல்லை.
முந்தி ஒருதரம் கேட்டேன்.
"கால் கீறத் தெரிஞ்சவன் ஒருத்தனையும்
இன்னும் நான் காணல்லடா" என்றான்,
தன் முழங்காலைத் தடவிக்கொண்டு.

அறுபத்தொன்று அலமாரிக்குப் பின்னால்
சுவரைப் பார்த்து நின்றது.
கிறுக்கிப் பார்த்தேன்.
ஓடுகிற ஒருவனின் முதுகு.
நனைந்து ஒட்டிய நீலக் கட்டம் போட்ட சேட்,
மடித்துக் கட்டிய சாரன்,
இரண்டு காலும் முழுசாக,
ஒன்றில் மட்டும் செருப்பு.

அந்தச் சேட்டை எனக்குத் தெரியும்.
கொலரில் என் வண்ணான் குறி இருந்தது.

கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை
சாய்ந்தமருதுக் கரைப்பக்கம்
பழைய கடன் கேட்கப் போன இடம்.
கடன்காரன் தேத்தண்ணி ஊற்றச் சொல்லியிருந்தான்.
ஓடினோம்.
பள்ளிவாசல் மேல்மாடிப் படியை
முதலில் தொட்டது நான்.
இந்த ஆயுளில் அந்த ஒருதரம்.
திரும்பிப் பார்க்கவில்லை.
அவன் பிந்தியதன் காரணம்
அவன் தோளில் கிடந்தது:
யாருடையதோ ஒரு பிள்ளை,
உப்புத்தண்ணீரைக் கக்கியபடி, உயிரோடு.

அதை அவன் எழுதவில்லை.
நான் திரும்பாததையும் எழுதவில்லை.

படத்தின் பின்புறம், பென்சிலில், அவன் கோணல் எழுத்து:
நாற்பத்தெட்டு.

கீழே லொறி வந்து ஹோன் அடித்தது.
சீமெந்து இறக்க வேண்டும்.
விலைக் கட்டத்துக்குப் பற்றுச்சீட்டு இல்லை.
இதற்கு விலை கேட்க மூன்று பேரை
எங்கே தேடுவேன்.
கட்டத்தை அப்படியே விட்டேன்.

குறிப்பில் மட்டும்,
கணக்குப் பார்க்கிறவன் என்ற முறையில்
ஒன்று எழுதினேன்:
மிஞ்சிய செருப்பு இடது காலில் இருந்தது.
படத்தில் வலதில் இருக்கிறது.